200 சிசி வண்டியில் ஸ்பிதி, லடாக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார்ச்சாலையிலும் கரடுமுரடான மண்பாதையிலும் ஒருசேர ஓடக்கூடிய சிறிய வண்டிகளில், இந்தியாவில் பலரும் முதலில் வாங்குவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. 2019 மே மாதம் சந்தைக்கு வந்த இந்த வண்டியின் நான்கு வால்வு என்ஜின் கொண்ட வடிவம் 2021 அக்டோபரில் வந்தது. கீழே உள்ள விடைகள் அந்த நான்கு வால்வு வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இதே அளவுள்ள மற்ற வண்டிகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

இமயமலைக்கு 200 சிசி போதுமா?

போதும். ஆனால் எதற்குப் போதும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நான்கு வழிச்சாலையில் நாள் முழுவதும் 100 கி.மீ. வேகத்தில் போக விரும்புகிறவருக்கு ஏறத்தாழ 19 குதிரைத்திறன் கொண்ட இந்த வண்டி ஏமாற்றமே தரும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அதிர்வும் இரைச்சலும் உடலைக் களைப்பாக்கிவிடும். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உள்ள காஸாவுக்கு மேலே உள்ள கிராமங்களுக்குப் போகும் பாதையிலோ, காஸாவிலிருந்து மணாலி போகும் வழியில் பட்டாலுக்கும் கிராம்பூவுக்கும் இடையே பாறையும் நீரும் கலந்து கிடக்கும் பாதையிலோ வேகம் 20, 30 கி.மீ.க்கு மேல் போகாது. அங்கே உதவுவது 21 அங்குல முன்சக்கரமும், 220 மி.மீ. தரை இடைவெளியும், எல்லாவற்றுக்கும் மேலாக 160 கிலோவை ஒட்டிய எடையும்தான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனின் எடை 200 கிலோவை நெருங்கும். சேற்றில் சாய்ந்த வண்டியை, மூச்சு வாங்கும் உயரத்தில், தனியாளாக நிமிர்த்த வேண்டி வரும்போது அந்த 40 கிலோவின் அருமை தெரியும்.

இந்த எடைக்குறைவுதான் சிறிய வண்டி வாங்கியதன் முழுப் பயன். பலர் வண்டியை வாங்கிய மறுமாதமே இரும்புச் சட்டங்களையும் பெட்டிகளையும் மாட்டி அந்தப் பயனைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

அவ்வளவு உயரத்தில் என்ஜின் திணறாதா?

திணறும், எல்லா வண்டியும் திணறும். மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. என்ஜினுக்குள் போகும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைவதால், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு திறன் போய்விடும். கடல்மட்டத்திலிருந்து 5,359 மீட்டர் உயரத்தில் உள்ள கர்துங் லா கணவாயில் சமவெளியில் கிடைத்த திறனில் ஏறத்தாழ 60 சதவீதமே மிஞ்சும். அதாவது 19 குதிரைத்திறன் 11 ஆகச் சுருங்கும். (அந்தக் கணவாயில் இருந்த பழைய பலகைகள் உயரத்தை 5,600 மீட்டருக்கு மேல் காட்டின. அதை நம்பி உங்கள் ஜிபிஎஸ் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம்.)

பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு வந்த எக்ஸ்பல்ஸ் வண்டிகளில் எரிபொருளைச் செலுத்துவது எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் என்பதால், காற்று மெலியும்போது பெட்ரோலின் அளவும் தானாகக் குறைந்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டிகளில் மேலே போனதும் கரும்புகை வருவதும் பிளக் கரியடைவதும் உண்டு. அந்தத் தொல்லை இதில் இல்லை. ஆனாலும் ஏற்றத்தில் முதல் கியரிலேயே நெடுநேரம் ஓட்ட வேண்டியிருக்கும். முன்பக்க ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) ஒரு பல் குறைவானதாக மாற்றினால் ஒவ்வொரு கியரும் 7 அல்லது 8 சதவீதம் குறுகி, ஏறுவது எளிதாகும். செலவு குறைவான, பயன் மிகுந்த மாற்றம் இது. சமவெளியில் அதே வேகத்துக்கு என்ஜின் சற்றுக் கூடுதலாகச் சுற்றும் என்பதால், மாற்றுப் பல்சக்கரத்தைப் பையில் கொண்டுபோய் மலையடிவாரத்தில் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் உயரம் குறைந்தவன். கால் எட்டுமா?

இருக்கையின் உயரம் 825 மி.மீ. நம் ஊரின் சராசரி உயரம் கொண்டவர்களுக்கு இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் ஊன்றா, விரல்கள் ஊன்றும். அதுவே போதும். நிறுத்தும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை மட்டும் உறுதியாக ஊன்றும் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடும். எந்தக் காலை ஊன்றுவது என்பதை வண்டி நிற்பதற்கு முன்பே, தரையின் சரிவைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பள்ளமான பக்கத்தில் காலை நீட்டுகிறவர் அந்தப் பக்கமே விழுவார். இருக்கைப் பஞ்சைச் சற்றுச் செதுக்கிக்கொள்ளலாம். பின்பக்க சஸ்பென்ஷன் இணைப்பை மாற்றி வண்டியையே தாழ்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தத் தரை இடைவெளிக்காக இந்த வண்டியை வாங்கினோமோ அதையே இழப்பதாகும் அது. மறுபுறம், 891 மி.மீ. இருக்கை உயரம் கொண்ட ‘புரோ’ வடிவம் பந்தயத்துக்கானது. மூட்டை முடிச்சோடு பயணம் போகிறவருக்கு அது தேவையில்லை.

வண்டியில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

முதலில் கைக்காப்பும் டயரும். கைக்காப்பு என்றால் காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் மட்டும் போதாது. உள்ளே அலுமினியப் பட்டை இருந்து, ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் பிணைந்திருக்க வேண்டும். வண்டி கீழே விழும்போது முதலில் முறிவது கிளட்ச், பிரேக் லீவர்கள். முறிந்த லீவரோடு மலையில் நிற்பதைவிட அந்தப் பட்டைக்கு முன்கூட்டியே செலவழிப்பது நல்லது. டயரைப் பொறுத்தவரை, வண்டியோடு வருவது கெட்டியான சரளைக்குப் போதுமானது. சேறும் மணலும் கூடுதலாக இருக்கும் பாதைக்குப் போவதானால் மட்டும் கட்டைகட்டையாக வெட்டு உள்ளதை மாட்டலாம். ஆனால் அது தார்ச்சாலையில் விரைவாகத் தேயும். மழையில் ஈரச் சாலையைப் பிடிப்பதும் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து ஓட்டியே போகிறவர் அந்த டயரைச் சமவெளியிலேயே தேய்த்து முடித்துவிடுவார்.

என்ஜினுக்கு அடியில் காப்புத்தகடு ஏற்கெனவே இருக்கிறது. அதன் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். பெரிய இரும்பு கிராஷ் கார்டு, கூடுதலாக நான்கு விளக்குகள், ஓசை மிகுந்த சைலன்சர் ஆகியவை எடையையும் சிக்கலையும் கூட்டுவன. இந்த வண்டியின் மின்னாக்கி பெரியதன்று. பனிமூட்டத்துக்கென விளக்கு வேண்டுமானால் குறைந்த வாட் கொண்ட ஒரு சோடி எல்இடி, தனி ஃப்யூஸும் ரிலேயும் வைத்து, போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. சோதனைச் சாவடியில் முதலில் கண்ணில் படுவது சைலன்சர்தான்.

மூட்டையை எப்படிக் கட்டுவது? எவ்வளவு ஏற்றலாம்?

கருவிகள், உடை, உதிரிபாகம் எல்லாம் சேர்த்து 20 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பெட்டிகள் வேண்டாம். அவற்றுக்கான சட்டத்தோடு சேர்த்தால் காலியாக இருக்கும்போதே பத்துக் கிலோவைத் தாண்டக்கூடும். போதாக்குறைக்கு, வண்டி சாயும்போது பெட்டிக்கும் பாறைக்கும் நடுவே கால் சிக்கினால் எலும்பு முறியும். துணியால் ஆன பக்கப்பைகளே இந்த வண்டிக்கு ஏற்றவை. வியாடெரா, ரைனாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. பை சக்கரத்திலோ சைலன்சரிலோ படாமலிருக்கப் பக்கச்சட்டம் ஒன்று வேண்டும். எக்ஸ்பல்ஸின் புகைக்குழாய் வலப்பக்கம் மேல்நோக்கிப் போவதால் அந்தப் பக்கத்துப் பை உருகாமலிருக்க இடைவெளியை உறுதிசெய்வது கட்டாயம்.

கனமானவற்றைக் கீழேயும் முன்னோக்கியும் வையுங்கள். ஸ்பேனர், டியூப், பூட்டு முதலியவை பக்கப்பைகளின் அடியில். உறங்கும் பையும் (ஸ்லீப்பிங் பேக்) குளிர் உடையும் பின்னிருக்கையில். வண்டியின் பின் கேரியரில் அது தாங்கும் எடை குறிக்கப்பட்டிருக்கும். பலரும் அதைப் படிக்காமல் பத்துக் கிலோ மூட்டையை அங்கே கட்டி, குலுங்கும் பாதையில் கேரியரின் வெல்டிங் விரிசல் விட்டதும் வண்டியைக் குறைசொல்கிறார்கள். பைகளை நீர்புகாதவை என்று விற்றாலும், உள்ளே உள்ள துணியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள்.

டியூப் டயர் பஞ்சரானால் என்ன செய்வது?

கம்பிச் சக்கரம் என்பதால் இதில் டியூப்தான். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பாறையில் மோதிக் கம்பிச்சக்கரத்தின் விளிம்பு சற்று வளைந்தாலும் டியூப் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ட்யூப்லெஸ் சக்கரத்தில் அதே வளைவு முழுக் காற்றையும் வெளியேற்றிவிடும். இதற்கு விலையாக, பஞ்சர் ஒட்டக் கற்றிருக்க வேண்டும்.

இரண்டு அல்லது மூன்று டயர் லீவர், கைப்பம்பு, பேட்ச்சும் சொல்யூஷனும், இரு சக்கர அச்சு நட்டுகளுக்கும் பொருந்தும் ஸ்பேனர், 21 அங்குல முன்டியூப் ஒன்று: இவை குறைந்தபட்சம். இடம் இருந்தால் 18 அங்குல டியூபும் எடுங்கள். இல்லையென்றால் 21 அங்குல டியூபை அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்து அடுத்த ஊர்வரை மெல்ல ஓட்டலாம். 18 அங்குல டியூபை முன்சக்கரத்தில் போட்டால் அது இழுபட்டுக் கிழியும் அபாயம் அதிகம். பயணத்துக்கு முன் உங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் போய், அவர் பார்த்திருக்க, உங்கள் கையாலேயே பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றி மாட்டுங்கள். லீவரால் புதிய டியூபைக் கிள்ளி மறுபடி ஓட்டையாக்குவது ஏறக்குறைய எல்லாருக்கும் முதல்முறை நடப்பது. அது அந்தக் கடை வாசலில் நடந்து முடியட்டும்.

மண்பாதையில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பது உண்மை. டியூப் உள்ள சக்கரத்தில் நிறுவனம் சொல்லும் அளவிலிருந்து 5 பிஎஸ்ஐக்கு மேல் குறைக்காதீர்கள். கூர்மையான கல்லில் மோதும்போது டியூப் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரண்டு இடங்களில் வெடிக்கும்.

வேறு என்ன உதிரிபாகங்கள்?

கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஒரு சோடி லீவர், ஸ்பார்க் பிளக், ஃப்யூஸ், செயின் லாக், பிரேக் பேட், காப்பர் கம்பி, கேபிள் டை, எம்-சீல். புதிய கிளட்ச் கேபிளைப் பழையதோடு சேர்த்து இப்போதே இழுத்து, நுனிகளை மட்டும் டேப் ஒட்டிக் கட்டிவைத்தால், அறுந்த இடத்தில் டாங்க்கைக் கழற்ற வேண்டியிராது. செயினைப் புழுதியான பாதையில் அன்றாடம் துடைத்து எண்ணெயிட வேண்டும்.

பெட்ரோல் எங்கே கிடைக்கும்?

மணாலியிலிருந்து லே போகும் பாதையில் தாண்டி என்ற ஊரில் உள்ள பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்ற பலகை பெயர்பெற்றது. லேவுக்குச் சற்று முன்னதாக காரு என்ற ஊரிலேயே பங்க் இருப்பதால் உண்மையான இடைவெளி ஏறத்தாழ 330 கி.மீ. வண்டியின் டாங்க் 13 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 35 முதல் 40 கி.மீ. கிடைத்தாலும், நான்கைந்து கணவாய்களை முதல் இரண்டு கியர்களில் ஏறி இறங்கும் பாதையில் 30 என்று கணக்கிடுவதே பாதுகாப்பானது. அப்படியானால் 390 கி.மீ.; வழியில் எங்கும் திரும்பாமல் போனால் போய்ச்சேரலாம். இரண்டு லிட்டர் கூடுதலாக எடுத்துக்கொண்டால் கவலையின்றிப் போகலாம். ஸ்பிதிக்குப் போகும் வழியில் கின்னோர் மாவட்டத்து போவாரியில் நிரப்பினால் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் காஸாவில் அடுத்தது. காஸாவில் எப்போதாவது சரக்கு தீர்ந்து, வண்டிகள் வரிசையில் நிற்கும். அதனால் ஊருக்குள் நுழைந்தவுடன் நிரப்பிவிடுங்கள். மறுநாள் காலைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

நீரோடைகளை எப்படிக் கடப்பது?

இந்தப் பயணத்தில் அதிக வண்டிகள் சேதமடைவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனிமலை ஓடைகளின் நீர்மட்டம் மணிக்கு மணி மாறும். இரவில் பனி உருகுவது நின்றுபோவதால் விடியற்காலையில் கணுக்கால் அளவு ஓடும் அதே நீர், வெயில் ஏறியபின் பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். பட்டால் முதல் கிராம்பூ வரையுள்ள பாதையைக் கடக்கிற நாளில் இருட்டோடு எழுந்து புறப்படுவதே பாதி வெற்றி. ஓடைக்கரைக்கு வந்ததும் நிறுத்துங்கள். எதிரே வரும் ஜீப்போ பைக்கோ எந்தத் தடத்தில் வருகிறது, சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று கவனியுங்கள். யாரும் வரவில்லையென்றால் பூட்ஸோடு நீரில் இறங்கி நடந்து பாருங்கள். நடக்கவே தடுமாற வைக்கும் இழுப்பு இருந்தால் வண்டியை அதில் இறக்கக் கூடாது.

கடக்கும்போது முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், கிளட்ச்சை முழுதாக விட்ட நிலை. கண் எதிர்க்கரையில் இருக்க வேண்டும். நீரைப் பார்த்தால் அது ஓடும் பக்கமே வண்டியும் போகும். அடியில் உள்ள உருண்டைக் கற்களில் முன்சக்கரம் துள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து அதோடு மல்லுக்கட்டாமல், பிடியைத் தளர்த்தி அதைத் துள்ளவிடுங்கள். நீர் ஆழமில்லாமல் கற்கள் மட்டும் பெரிதாக இருந்தால் இரு கால்களாலும் துடுப்புப் போடுவதுபோல் ஊன்றிப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நடு ஓடையில் விழுந்து என்ஜின் நின்றுவிட்டால் உடனே கில் சுவிட்சை அணையுங்கள். அதன்பின் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது; ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். வண்டியைக் கரையேற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் உலர்ந்திருந்தால் பெரும்பாலும் நீர் உள்ளே போகவில்லை. நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தி நீரைப் பீய்ச்சி வெளியேற்றி, ஃபில்டரை உலர்த்திய பிறகே மறுபடி மாட்ட வேண்டும். என்ஜின் ஆயில் பாலேடு நிறத்தில் தெரிந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

சரளையிலும் மணலிலும் வண்டி ஆடுகிறதே?

ஆடத்தான் செய்யும். ஆட்டத்தை வண்டிக்கு விட்டுவிட்டு உடலைத் தனியாக வைத்துக்கொள்வதற்காகத்தான் எழுந்து நின்று ஓட்டுகிறோம். பாதங்களின் நடுப்பகுதி ஃபுட்பெக்கில், முழங்கால்கள் டாங்க்கை அணைத்தபடி, முழங்கைகள் வெளியே விரிந்து, பார்வை இருபது முப்பது மீட்டர் முன்னால். லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கில் உள்ள ஹுண்டர் மணலில் வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் புதையும். சற்று முடுக்கி, உடல் எடையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இறக்கத்தில் என்ஜின் பிரேக்கையே பெரிதும் நம்புங்கள். 200 வண்டியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டுமே. பின்சக்கரம் சரளையில் பூட்டிக்கொண்டு சறுக்கும் என்பதைப் பாதுகாப்பான இடத்தில் முன்பே பழகியிருக்க வேண்டும்.

எங்கே பழகலாம்?

வளைவுகளுக்கு 70 கொண்டை ஊசிகள் கொண்ட கொல்லிமலைப் பாதை நன்று. மண்ணுக்குக் கோடையில் வற்றிய ஏரிப்படுகைகளும் ஊர்ப்புறத்து வண்டித்தடங்களும் போதும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். மூட்டை கட்டிய நிலையிலும் ஒரு முழு நாள் பழகுங்கள். வெறும் வண்டியும் சுமையேற்றிய வண்டியும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

சென்னையிலிருந்து ஓட்டியே போகலாமா, ரயிலில் அனுப்பலாமா?

நேரம் இருந்தால் ஓட்டலாம். ஆனால் டெல்லி வரையிலான 2,200 கி.மீ. நெடுஞ்சாலை இந்த வண்டி இன்பம் தரும் சாலையன்று. என் கருத்தில் ரயிலே மேல். நீங்கள் போகும் அதே ரயிலில் உங்கள் பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதியலாம். பயணம் செய்யாமல் பார்சலாகவும் அனுப்பலாம், அது போய்ச்சேரும் நாளுக்கு உறுதி குறைவு. ஆர்.சி., அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் தேவை. பெட்ரோல் டாங்க் முற்றிலும் காலியாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. கண்ணாடிகளைக் கழற்றி, விளக்கு, டாங்க், லீவர்களுக்குச் சாக்கு சுற்றி, சேருமிடத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கட்டுங்கள்.

எந்தப் பாதை, எந்த மாதம்?

முதல்முறை போகிறவர் சிம்லா, கின்னோர், நாகோ, தாபோ வழியாகக் காஸாவை அடைந்து, குன்சும் கணவாய் கடந்து மணாலிக்கு இறங்குவது நல்லது. இந்தப் பக்கமாக உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடல் பழகிக்கொள்ளும். மணாலியிலிருந்து நேரே ஏறினால் ஒரே நாளில் 2,000 மீட்டரிலிருந்து 4,500 மீட்டரைத் தாண்டுவீர்கள். குன்சும் பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கின்னோரில் நிலச்சரிவும் ஓடைகளில் வெள்ளமும் மிகுதி; செப்டம்பரே சிறந்தது.

3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலிருப்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கினால் மேலே ஏறுவதை நிறுத்துங்கள். நடையில் தள்ளாட்டமோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ வந்தால் இரவானாலும் கீழே இறங்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டு ஏதேனும் காரில் போங்கள். உயர நோயைத் தடுக்க எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாது.

ஆவணங்கள், தொலைபேசி?

வண்டி உங்கள் பெயரில் இருப்பது நல்லது. நண்பரின் வண்டி என்றால் அவருடைய கடிதத்தோடு போங்கள். லடாக்கில் வெளியூர் வாடகை வண்டிகளை உள்ளூர் வாடகைக்காரர்கள் தடுப்பது வழக்கம். ஸ்பிதிக்கு இந்தியர்களுக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. லடாக்கின் எல்லையோரப் பகுதிகளுக்கான கட்டணமும் நடைமுறையும் மாறிக்கொண்டிருப்பவை என்பதால் புறப்படும் வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில் பாருங்கள். பிற மாநில ப்ரீபெய்டு சிம்களை நம்பி லடாக்குக்குப் போக வேண்டாம். போஸ்ட்பெய்டு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மனைவியையோ நண்பரையோ பின்னால் ஏற்றிப் போகலாமா?

தார்ச்சாலைக்குச் சரி. இந்தப் பாதைகளுக்கு இரண்டு பேருக்கு இரண்டு வண்டி எடுங்கள். அவருக்கு ஓட்டத் தெரியாதென்றால், காஸாவரை அவர் அரசுப் பேருந்தில் வரலாம்.

திரும்பியபின் என்ன பார்க்க வேண்டும்?

ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்; கழுவினாலும் ஸ்பிதியின் மாவுப்புழுதி போகாது. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டினால், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் எங்காவது சிக்கினால் ஸ்டீயரிங் பேரிங் குழிவிழுந்திருக்கிறது என்று பொருள். நீரில் இறங்கிய வண்டியானால் சக்கர பேரிங்குகளையும் பின்பக்க சஸ்பென்ஷன் இணைப்பையும் கழற்றிப் புதிய கிரீஸ் இடச் சொல்லுங்கள். வழக்கமான சர்வீஸில் அந்த இணைப்பை யாரும் தாமாகக் கழற்றுவதில்லை; கேட்டு, பக்கத்தில் நின்று செய்வித்துக்கொள்ள வேண்டும்.